வேன் வாழ்க்கையில் குளியல்: பூந்திக்கொட்டை முதல் படிகாரம் வரை

டெம்போ டிராவலரை வீடாக மாற்றிக்கொண்டு நானும் கணவரும் ஊர் ஊராகப் போக ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர். சமையல், பாத்திரம், குளியல் எல்லாம் அதற்குள்தான். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அலசி முடிக்க எத்தனை குவளை தண்ணீர் கேட்கிறது என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் பூந்திக்கொட்டையை அடிக்க ஆளில்லை. ஏழெட்டு கொட்டைகளை உடைத்து, விதையை எறிந்துவிட்டு, தோலை இரவு ஊறப்போடுவேன். காலையில் கொதிக்கவைத்துக் கசக்கி வடிகட்டினால் தேன் நிறத்தில் சாறு. தலை, துணி, பாத்திரம் மூன்றுக்கும் அதுவே போதும். ராஜஸ்தானின் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தோலில் திரிதிரியாக ஒட்டியது. இது அங்கேயும் சுத்தமாகக் கழுவியது. ஆனால் மூன்றாம் நாள் புளித்து நாறும், அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல்.

எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய்தான். என்ன, தூள் முடியிலேயே தங்கி ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிடும். நெடுஞ்சாலை தாபாவில் குளியலறை கிடைக்கிற நாளில் மட்டும் எடுப்பேன். பயத்தமாவு முகத்துக்கும் கழுத்துக்கும் அருமை. சிங்க் குழாயை அடைக்காமலிருக்க வாயில் மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் வண்டு வைக்கும், கொஞ்சமாக வாங்குங்கள்.

படிகாரக் கட்டியை நனைத்து அக்குளில் தேய்த்தால் வியர்வை நிற்காது, நாற்றம் நிற்கும். நாற்றத்தைக் கிளப்பும் பாக்டீரியாவை அது அடக்குகிறது. ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். சோடா உப்பு என் தோலுக்கு ஒத்துவரவில்லை, சிவந்து தடித்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஸ்பிட்டி மாதிரிக் குளிர் இடங்களுக்கு வாயகன்ற டப்பாதான் சரி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இயற்கைப் பொருள்தானே என்று பலர் ஓடையிலேயே தலையை அலசுகிறார்கள். பூந்திக்கொட்டையில் நுரையைத் தருகிற அதே சபோனின் மீன்களின் செவுளைக் கெடுத்துக் கொல்லும். அந்தக் காலத்தில் மீனை மயக்கிப் பிடிக்கவே இதைக் கரைத்திருக்கிறார்கள். வாளியில் மொண்டு வந்து, கரையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிக் குளியுங்கள். அழுக்குத் தண்ணீரை மண்ணிலேயே ஊற்றிவிடுங்கள்.