மாற்று இதயம் துவண்டபோது தாங்கிய எக்மோ பிரிவு: ஒரு மதிப்பீடு

காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் என் தம்பிக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை உடலுக்கு வெளியிலிருந்து தற்காலிகமாகச் செய்யும் இயந்திரம்தான் எக்மோ; அந்த மருத்துவமனையின் எக்மோ பிரிவைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து இச்சிகிச்சைக்குப் போகிறவர்கள் அறுவை மருத்துவரின் பெயரை விசாரிக்கும் அளவுக்கு இந்தப் பிரிவையும் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருத்திய சில மணி நேரத்திலேயே புதிய இதயம் துவண்டுவிட்டது. உடல் அதை ஏற்கவில்லை என்று நாங்கள் கலங்கினோம். ஆனால் இது நிராகரிப்பு அல்ல என்றும், மூளைச்சாவின்போது கொடையாளரின் இதயம் பட்ட பாடு, இரத்த ஓட்டமின்றிக் குளிரில் அது கழித்த நேரம், பெறுபவரின் நுரையீரல் குழாய்களில் உள்ள அழுத்தம் ஆகியவை சேர்ந்து முதல் 24 மணி நேரத்துக்குள் இப்படி நேரலாம் என்றும் தீவிர சிகிச்சை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மருந்துகள் போதாத நிலையில்தான் எக்மோ வைத்தார்கள்.

2016 டிசம்பரில் ஜெயலலிதா அவர்களுக்கு வைக்கப்பட்டபோது தமிழ்நாடே கேட்ட பெயர் அது. அதனாலேயே எங்கள் வீட்டில் பலர் அதைக் கடைசிக் கட்டம் என்று நினைத்தார்கள். மாற்று இதயத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இதயம் தேறிவரும் வரை தரப்படும் அவகாசம். தொடையின் சிரையிலிருந்து கருஞ்சிவப்பாக வெளியே வரும் இரத்தம், பம்பு வழியாகச் செயற்கை நுரையீரலுக்குள் சென்று, பளிச்சென்ற சிவப்பில் தமனிக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தப் பிரிவின் தரம் ஆட்களிடம் தெரிந்தது. பெர்ஃப்யூஷனிஸ்ட் எனப்படும் இயந்திர வல்லுநர் இரவிலும் கட்டிலருகிலேயே இருந்தார். மின்சாரமும் பேட்டரியும் கைவிட்டால் பம்பைக் கையால் சுழற்றுவதற்கான கைப்பிடி இயந்திரத்தின் பக்கத்திலேயே மாட்டியிருந்தது. "இதுக்கு வேலை வராதுங்க, ஆனா கையெட்டுற தூரத்துல இருக்கணும்" என்றார். தமனிக்குழாய் காலுக்குப் போகும் இரத்தத்தை மறித்துவிடக்கூடும் என்பதால் பாதத்துக்கெனத் தனியாக ஒரு சிறு குழாய் வைத்திருந்தார்கள். செவிலியர் அடிக்கடி பாதத்தைத் தொட்டு, சூடு பார்த்து, கருவியில் நாடியைக் கேட்டுக் குறித்தார். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் தர வேண்டும், அதைத் தந்தால் கசிவு வரும் என்ற இழுபறியையும் எங்களிடம் மறைக்கவில்லை.

எக்மோ முழு வேகத்தில் ஓடும்போது திரையில் இரத்த அழுத்தக் கோடு ஏறக்குறைய சமமாகவே போகும். அதில் மெல்ல அலை எழத் தொடங்கினால் இதயம் தானாக இறைக்கிறது என்று பொருள். அந்த அலையைக் காட்டித்தான் தம்பி தேறுகிறான் என்ற செய்தியைச் சொன்னார்கள். அதன் பிறகு ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் எக்கோ எனும் இதய ஸ்கேன் பார்த்து, இதயத்தின் வலப்புற அறை தாக்குப்பிடிக்கிறதா என உறுதி செய்த பிறகே குழாய்களை எடுத்தார்கள். அவசரப்படாத அந்த நிதானத்துக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அம்மா எதில் கைநாட்டு வைக்கிறார் என்பதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரத்தமும் தட்டணுக்களும் தேவைப்படும் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாததால் உறவுக்காரப் பையன்கள் இரவுப் பேருந்தில் வேலூர் வழியாக வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால் அந்தப் பதற்றம் இருந்திருக்காது. எக்மோவுக்கான கட்டணம் அறுவை சிகிச்சைத் தொகையில் சேராது என்பதும் பில் வந்த பிறகே தெரிந்தது. பதிவு செய்யும் நாளிலேயே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; காப்பீட்டுத் திட்டம் எதுவரை ஏற்கும் என்பதையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.