கையடக்க ஈரப்பதமானி: பச்சைக் காபிக்கொட்டைக்கு நம்பலாமா?

ஆறு மாதமாக இந்த மாய்ஸ்சர் மீட்டரைப் பயன்படுத்துகிறேன். பச்சைக் கொட்டையை, அதாவது வறுக்காத கொட்டையை, கடித்துப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்ற என் வீராப்பு முதல் வாரமே போய்விட்டது. 11 சதவீதம் இருக்கும் என்று நான் சத்தியம் செய்த மூட்டை 13.2 காட்டியது. சர்வதேச காபி அமைப்பு சொல்லும் வரம்பு 8 முதல் 12.5 வரைதான். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும், ஓக்ராடாக்சின் என்ற பூஞ்சை நச்சின் பயமும் உண்டு. ரொம்பக் காய்ந்தால் கொட்டை நொறுங்கும், மணமும் போய்விடும்.

ஒரே கொட்டையை மூன்று முறை கொட்டி அளந்தால் 0.3 வரை ஏறி இறங்குகிறது. கொட்டையின் மின்பண்பை வைத்துக் கணக்குப் போடும் கருவி என்பதால், எவ்வளவு நெருக்கமாகக் கொட்டுகிறோம், கொட்டை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதெல்லாம் எண்ணை மாற்றிவிடும். வெயிலிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள், ஆறட்டும்! 105 டிகிரி அடுப்பில் 16 மணி நேரம் உலர்த்தும் ஐஎஸ்ஓ 6673 என்ற சர்வதேசத் தர முறையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் பரவாயில்லை.

கையேடுதான் மகா மோசம். காபிக்கு எந்த எண்ணை அழுத்துவது என்பதையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம், இது நீர்ச் செயல்திறனை (வாட்டர் ஆக்டிவிட்டி, அதாவது பூஞ்சை பயன்படுத்தக்கூடிய நிலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை) அளக்காது, அதற்கு வேறு கருவி வேண்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.