தெர்மல் மானோகுலர்: மூன்று பயணங்களுக்குப் பிறகு

காட்டுப் பாலூட்டிகளைத் தேடிப் போகிறவர்களுக்குப் பாதி வேலை இரவில்தான். விடிந்த பிறகு கிளம்பினால் குரங்கும் அணிலும் கிடைக்கும். புனுகுப்பூனையும் தேவாங்கும் பறக்கும் அணிலும் அதற்குள் ஒடுங்கிவிடும். பல வருடம் டார்ச்சை மட்டும் நம்பித் தேடினேன். விலங்கு நம் பக்கம் பார்த்தால் கண் மினுங்கும், கண்டுபிடித்துவிடலாம். முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தால் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் இந்தத் தெர்மல் மானோகுலரை வாங்கினேன். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி, உடல் சூட்டை வைத்து விலங்கை வெள்ளையாகக் காட்டும். 384க்கு 288 பிக்சல் சென்சார், 35 மில்லிமீட்டர் லென்ஸ். போர்னியோவுக்கு இரண்டு முறையும் லடாக்குக்கு ஒரு முறையும் கொண்டு போய் வந்தாயிற்று.

வாங்கியது வீண் இல்லை என்று முதல் இரவே தெரிந்துவிட்டது. போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானம் பள்ளத்தாக்கு. வழிகாட்டி ஒரு புதர்மேல் இரண்டு முறை டார்ச் அடித்துவிட்டுத் தாண்டிப் போனார். நான் தெர்மலில் பார்த்தால், என் தோள் உயரத்தில், கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு செடித் தண்டில், கைக்குள் அடங்கும் அளவில் வெள்ளை உருண்டை. சிவப்பு விளக்கை மங்கலாக வைத்துக் காட்டினோம். டார்சியர்! பெரிய கண்களுள்ள சின்ன இரவு விலங்கு. தேவாங்குக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இதன் கண்ணில் கிடையாது. அதனால்தான் டார்ச்சுக்குச் சிக்கவில்லை. உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் அப்படியே முதுகுப் பக்கம் திருப்பி எங்களைப் பார்த்தது. விரல் நுனி ஒவ்வொன்றிலும் சின்னப் பொத்தான் ஒட்டினது போலத் தட்டையான மெத்தை. அரை நிமிடத்தில் விளக்கை அணைத்துவிட்டோம். அப்புறமும் தெர்மலில் அது தெரிந்துகொண்டே இருந்தது. இருட்டில் ஒரே தாவலில் அடுத்த தண்டுக்குப் போனதையும் பார்த்தேன். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான். இருட்டுக்கென்றே அமைந்த கண்களில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் இது சொல்லும். என்ன விலங்கு என்று சொல்லாது. நான் பார்த்த வெள்ளைப் புள்ளிகளில் பாதி, தூங்கும் பறவைகளும் பகல் வெயிலில் சூடேறிய மரக்கட்டைகளும்தான். எனவே கழுத்தில் ஒரு 8x42 பைனாகுலரும் கையில் ஒரு டார்ச்சும் கட்டாயம் வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் நான் தப்பு செய்துவிட்டேன். எண் பெரிதாக இருந்தால் தூரம் தெரியும் என்று 35 வாங்கினேன். இந்தச் சென்சாரில் அதன் பார்வை அகலம் சுமார் 7.5 பாகைதான். அதே சபாவில் உள்ள டெராமகோட் காட்டில் இரவு முழுவதும் திறந்த வண்டியில் நின்றபடி தேடுவோம். வண்டி ஓட ஓட அந்தக் குறுகிய வட்டத்துக்குள் ஒரு மரத்தை முழுதாகப் பார்ப்பதற்குள் அடுத்த மரம் வந்துவிடும். பக்கத்தில் இருந்தவரிடம் 19 மில்லிமீட்டர் லென்ஸ், கிட்டத்தட்ட 14 பாகை. அவர் மூன்று புனுகுப்பூனைகளைக் கண்டுபிடித்த நேரத்தில் நான் ஒன்றைத்தான் பார்த்தேன். அடர்ந்த காட்டில் எப்படியும் ஐம்பது மீட்டருக்கு மேல் இலைகள் மறைத்துவிடும், தூரம் தெரிந்து என்ன செய்வது?

இன்னொரு தொல்லை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்ற சத்தத்தோடு படம் உறைந்துபோகும். கருவி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிற நேரம் அது. அமைதியான காட்டில் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, லென்ஸ் மூடியைப் போட்டு நாமே செய்துகொள்வது நல்லது. திரை வெளிச்சத்தையும் ஆகக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் பார்த்த கண்ணுக்குக் கொஞ்ச நேரம் இருட்டே பழகாது.

லடாக்கில் விடியற்காலை இது அருமை. குளிர்ந்த பாறையில் ஒரு நீல ஆடு (பரல் என்கிற மலை விலங்கு) தொலைவிலிருந்தே விளக்கு மாதிரி எரியும். வெயில் ஏறியதும் பாறையெல்லாம் வெள்ளையாகிவிடும், அப்போது உள்ளே வைத்துவிடலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதால் கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது, இறங்கித்தான் ஆகவேண்டும்.

சில நாடுகளில் தெர்மல் கருவிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. டிக்கெட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள். வேட்டைக்காரர்களும் இதையே பயன்படுத்துவதால், காட்டுக்குள் எடுப்பதற்கு முன் வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்பதும் அவசியம்.

நான் இதை விற்றுவிட்டு 19 மில்லிமீட்டர் வாங்கப்போகிறேன். பனி மலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் மட்டுமே போகிறவர் என்றால் 35-ஐ தாராளமாக வாங்கலாம்.