கிராமசபைக் குரலுக்கு எது: சமுதாய வானொலியா, பாட்காஸ்ட்டா?

கிராமசபையில் ஒரு அக்கா குடிநீர் பற்றிக் கேட்கும் கேள்வி ஊர் முழுக்கப் போய்ச் சேர வேண்டும். எதில் போடுவது?

பாம்பனின் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலிக்கு, அதாவது உள்ளூர் மக்களுக்கான சிறு வானொலிக்கு, இணையம் தேவையில்லை. வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். ஆனால் விதிப்படி அரசியல் நிகழ்ச்சி கூடாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லலாம். யார் பொறுப்பு என்ற விவாதம் அரசியலானால் சிக்கல்.

பாட்காஸ்ட் என்பது பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் ஒலி நிகழ்ச்சி. அதற்கு வானொலிக்கு வேண்டிய உரிமமும் வேண்டாம், ஒலிபரப்புக் கோபுரமும் வேண்டாம். ஒரு செல்போன் போதும். மக்கள் கேள்வியை முழுசாகக் கேட்கலாம், ஊராட்சித் தலைவரின் பதிலையும் சேர்க்கலாம். திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் கேட்பார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்குத்தான் எட்டாது, அது பெரிய குறை.

சரி, என் தேர்வு பாட்காஸ்ட்தான். பேசியவரின் சம்மதத்தை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள்.