முதல் கேம்பிங் மூட்டை: ஆறு வருடத்துக்குப் பிறகு எது மிச்சம்?

2019 மார்ச் பள்ளி விடுமுறையில்தான் முதல் தடவை கூடாரம் போட்டோம். இடம் கோலா வோ. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், எங்கள் வீட்டிலிருந்து காடியில் அரை மணி நேரம்கூட ஆகாது. கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "லயத்து வீட்டுல கூரை ஒழுக ஒழுகப் படுத்தது பத்தாதாடா, இப்பக் காசு குடுத்து வேற நனையணுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சிரிப்பு போய்விட்டது.

அன்று நான் கட்டிய மூட்டை முழுவதும் குளிர் நாட்டுக்காரர்களின் வீடியோ பார்த்துக் கட்டியது. நாலு பேருக்கு நாலு தூக்கப்பை, கம்பளிக் காலுறை, தடித்த ஜாக்கெட். அடிவாரத்தில் ராத்திரியில்கூடப் பெரிய குளிர் கிடையாது. பத்து மணிக்கெல்லாம் நால்வரும் தூக்கப்பையை உதறிவிட்டு அதன் மேலேயே வேர்த்துக்கொண்டு படுத்திருந்தோம். மழைக்கென்று நான் எடுத்து வைத்தது ஒரு குடை. அவ்வளவுதான்.

மழை பெரிய மழைகூட இல்லை. தப்பு என்னுடையது. கூடாரத்துக்கு அடியில் நீலக் கென்வஸ் (தார்ப்பாய்) விரித்திருந்தேன், நாலு பக்கமும் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி. பார்க்க ஜோராக இருந்தது. கூடாரத்தின் மேலிருந்து வழிந்த தண்ணீர் மண்ணில் இறங்காமல் அந்த நீட்டல் மேல் விழுந்து, கென்வஸுக்கும் கூடாரத் தரைக்கும் நடுவே ஓடிவந்து தேங்கிவிட்டது. சின்னவள் எழுந்து, "அப்பா, கீழ தளும்புது" என்றாள். கையை வைத்து அழுத்தினால் தண்ணீர்ப் படுக்கைதான். அடியில் விரிப்பது கூடாரத் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும், ஓரம் தெரிந்தால் உள்ளே மடித்துவிட வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

கூடாரத்தைப் பற்றி. நாலு பேர் படுக்கும் அளவு. உள்ளே கொசுவலை, மேலே போர்த்த ஃபிளைஷீட். முதல் ஒரு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு தடவை அரை ஈரத்தோடு சுருட்டி, "அடுத்த வாரம் காயப்போடலாம்" என்று ஸ்டோரில் வைத்தேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளி, மார்ச் 18-ல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பையை மறுபடி திறந்தது 2021 கடைசியில். அம்மா அடுப்படியிலிருந்தே, "யாருடா வீட்டுக்குள்ள ஒட்டுப்பால் சாக்கைக் கொண்டாந்தது?" என்று குரல் கொடுத்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலின் அந்த நாற்றத்தில் அவருக்குத் தப்பு வராது. ஃபிளைஷீட்டின் உள்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசும் பாலியூரித்தேன், சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் மெல்லச் சிதைந்துவிடும். நம் ஊர் ஸ்டோர் அறையில் இரண்டும் வருடம் முழுக்க இருக்கிறது. 3000 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த கணக்கெல்லாம் அதோடு போச்சு.

ஆனால் உள் வலையும் கம்பிகளும் இன்றுவரை நன்றாகவே இருக்கின்றன. அதனால் புதுக் கூடாரம் வாங்கவில்லை. ஹார்ட்வேர் கடையில் 12-க்கு 16 அடி கென்வஸ் ஒன்று வாங்கி, இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுத்து, ஒரு பக்கம் தாழ்வாகச் சாய்த்துக் கட்டி, அதன் அடியில் வலைக் கூடாரத்தை மட்டும் நிறுத்துகிறேன். கனம் அதிகம்தான், காடி நிற்கும் இடத்திலிருந்து நூறு அடி தூக்குவதற்கு மேல் யோசிக்கக்கூடாது. ஆனால் காற்று ஓடும், வேர்க்காது, மழையிலும் உட்கார்ந்து சமைக்கலாம். காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு என் யோசனை: கூடாரத்தில் மிச்சம் பிடியுங்கள், கென்வஸிலும் கயிற்றிலும் பிடிக்காதீர்கள்.

காலணிக் கதை இன்னும் மோசம். 280 வெள்ளிக்கு மலையேறும் பூட்ஸ். பத்திரமாக இருக்கட்டும் என்று டப்பாவிலேயே வைத்திருந்தேன். 2023-ல் அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வலது அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பத்து நிமிடத்தில் இடதும். நடுவில் இருந்த மெத்துப் பகுதி ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. இதற்கும் அதே பாலியூரித்தேன்தான் காரணம். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தானாகவே சிதையும். பூட்ஸைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் வாங்கியது அடிடாஸ் கம்போங். பேருக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் கிடையாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்குமே, அதுதான். இருபது வெள்ளிகூட ஆகவில்லை. முழுக்க ஒரே வார்ப்பு என்பதால் பிரிந்து வர அதில் ஒன்றுமே இல்லை. சேற்றில் பிடிக்கும், ஓடையில் இறங்கினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம். குறை உண்டு: காற்றே புகாது, வெறுங்காலில் போட்டால் கொப்புளம் நிச்சயம். முழங்கால்வரை வரும் பந்து விளையாட்டுக் காலுறை போட்டு, அதன்மேல் ஈரச் சவுக்காரத்தைத் தேய்த்துவிட்டால் அட்டையும் தயங்கும். மழை வந்து சவுக்காரம் கரையும்வரைதான். பாசி பிடித்த பாறையில் அதுவும் வழுக்கும், எல்லாமே வழுக்கும்.

நெத்தி லைட்டும் மரம் வெட்டுகிறவர்கள் வாங்கும் கடையில் வாங்கியதுதான். அந்தக் காலத்தில் கார்பைட் விளக்கு, பிறகு இடுப்பில் பேட்டரி. இப்போது சார்ஜ் போடும் எல்.இ.டி. நாலு வருடமாக எரிகிறது. பட்டையின் இலாஸ்டிக் மட்டும் தளர்ந்து, அம்மா உள்பாவாடை நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

அடுப்புக்கு 250 கிராம் பியூட்டேன் டின் போதும். குளிர் இடத்தில் அது சோம்பும் என்பார்கள். பியூட்டேன் ஆவியாவது சுழியத்துக்குச் சற்றுக் கீழேதான், நமக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலில் பூட்டிய காடிக்குள் விட்டுப் போகாமல் இருந்தால் சரி. சாப்பாட்டுச் சாமானுக்கு மூடி இறுகும் வாளி. குரங்கு ஜிப் திறக்கும். கண்ணால் பார்த்தேன், ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சார்டின் டின்னை முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தது.

மூட்டையில் வைக்க முடியாத ஒன்று, இடம் பார்க்கும் கண். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அதன் பிறகு செங்குத்துச் சரிவுக்குக் கீழே எவ்வளவு அழகான இடம் கிடைத்தாலும் நான் நிற்பதில்லை. ஆற்றோரமும் அப்படியே. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், பின்னால் வருகிறது என்று அர்த்தம். அப்போது சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

தூக்கப்பை நாலும் என்னவாயிற்று என்றால், இரண்டை கேமரன் மலைக் குளிரில், பிரிஞ்சாங்கில் வேலை செய்யும் மச்சான் வாங்கிக்கொண்டார். அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. மூன்றாவது காடியின் பின்சீட்டில் கிடக்கிறது. நாலாவதில் பூனை படுக்கிறது.

போன சனிக்கிழமை போய்வந்த கென்வஸும் வலையும் வாசல் கொடியில் தொங்குகின்றன. மூன்று நாளாகச் சாயங்காலமானால் மழை. உள்ளே எடுக்கிறேன், வெளியே போடுகிறேன், இன்னும் காயவில்லை.