செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பழைய பிக்கப்புடன் மூன்று வருடம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்ற 2021-இல் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். காமன் ரெயில் இன்ஜின், அதாவது பம்ப் உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் சேர்க்கும் டீசலை, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. எனக்கு முன்பே இரண்டு கை மாறியது. சுமை இழுப்பதில் இன்றுவரை குறையே இல்லை. கிளட்ச் ஒருமுறை, பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒருமுறை மாற்றினேன். லோடு வண்டிக்கு அது வழக்கமான செலவுதான். என்னை அலைய வைத்தது வேறொன்று. செல்ஃப் நன்றாக எடுக்கும், இன்ஜின் மட்டும் பிடிக்காது.

முதல் தடவை விடிகாலை நான்கு மணிக்கு, தக்காளி ஏற்றித் தயாராக நின்றபோது. அன்றைக்கு வேறு வண்டி பிடித்துச் சரக்கை அனுப்பினேன். பட்டறையில் பேட்டரி வீக் என்றார்கள், மாற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. டீசல் ஃபில்டர் மாற்றினோம். அப்புறம் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவு அந்தப் பருவத்து வருமானத்தையே விழுங்கிவிடும் என்பதால் வேண்டாமென்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

மார்க்கெட்டில் ஒரு மூத்த டிரைவர் கேட்ட கேள்விதான் வழிகாட்டியது. "தம்பி, எந்த எடத்துல நிறுத்துனா இப்படிப் பண்ணுது?" யோசித்துப் பார்த்தால், வீட்டு வாசலில் மட்டும்தான். எங்கள் வாசல் சரிவு. வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். டேங்க் பின்னால், இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கிறது. லைனில் எங்காவது காற்று நுழைந்தால், ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் இழுப்பது வெறும் காற்றைத்தான்.

"செல்ஃப் அடிக்கிறப்ப சைலன்சரைப் பாரு" என்றும் சொன்னார். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம்; க்ளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) பக்கம் தேட வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. என் வண்டியில் துளிப் புகை இல்லை. ஃபில்டருக்கு மேலிருக்கும் ஹேண்ட் பம்ப்பை அழுத்தினால் தொளதொளவென்று இருந்தது. கெட்டியாகும்வரை அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது.

இந்தக் கோளாறில் தரையில் ஒரு சொட்டு டீசல்கூடச் சிந்தாமல் இருக்கலாம். டேங்கிலிருந்து பம்ப் வரையிலான அந்த லைன் உறிஞ்சும் லைன். ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். அதனால்தான் பட்டறையில் யார் கண்ணுக்கும் படவில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் ஒரு கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டிப் பார்த்தோம்; குமிழி குமிழியாக ஓடியது. பின்னோக்கித் தேடிக்கொண்டே போனதில், டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. ஹோஸும் இரண்டு கிளிப்பும் சில நூறு ரூபாய்தான்.

2023 கோடையில் இன்னொரு வகை வந்தது. டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் ஆறினால் ஆகிவிடும். இந்த முறை ஹேண்ட் பம்ப் கெட்டியாகவே இருந்தது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. ஸ்கேனரிலும் பூஜ்ஜியம் காட்டியது. கிராங்க் சென்சார் சூட்டில் செத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. சென்சார் மாற்றியதோடு அது தீர்ந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஓடும்போது அதில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்துச் சதைக்குள் போய்விடும். செல்ஃபையும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், மோட்டார் கருகிவிடும்.

பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்; காலை ஸ்டார்ட்டில் கோளாறு இருந்தாலும் தெரியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். என் வண்டி இன்றும் அதே சரிவில்தான் மூக்கைத் தூக்கி நிற்கிறது. கழற்றச் சொன்ன அந்தப் பம்ப்தான் இன்னும் ஓடுகிறது.