கிளிநொச்சியில் பதினாறு ஞாயிறு அமெரிக்கா

கிளிநொச்சியில் ஞாயிறுகளில் நான் போன அமெரிக்க வரலாற்று வகுப்புக்கு விமர்சனம் இது. முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், தொழில் அப்படி. கட்டணம் 24,000 ரூபா, இரண்டு தவணை. ரியூட், அதாவது அச்சடித்த பாடக் குறிப்பு, போட்டோக்கொப்பிக்குத் தனியாக 1,850. விசுவமடுவிலிருந்து போய்வரும் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு என்று ஞாயிறு ஒன்றுக்கு 600 ரூபா. பதினாறு ஞாயிறு. கூட்டினால் 35,450. முதல் தவணைக்குப் பற்றுச்சீட்டு வாங்க மூன்று வாரம் அலைந்தேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவளுக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்த காசு, தொலைத்த காசுதான்.

நான் 2005 இல் உயர்தரம் எடுத்தவள். அடுத்த வருடம் ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது, என் படிப்பும் அதோடு நின்றது. இப்போது 39 வயதில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான அமெரிக்காவின் அரசியலும் பண்பாடும் ஒரு தெரிவுப் பாடம். வீட்டில் கேட்டார்கள், “உனக்கு ஏனடி அமெரிக்கா?” சத்தியமாக, ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு நடந்த ஒரே பாடம் அதுதான்.

இடம் ஏ9 வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். கிழமை நாட்களில் அங்கே தையல் பயிற்சி. ஞாயிறுகளில் மெசின்களைப் பின்சுவரோடு தள்ளி பெட்ஷீற் போட்டு மூடிவிடுவார்கள். பதினொரு மணிக்குப் பிறகு தகரம் கொதிக்கும். இரண்டு காற்றாடி, அதில் ஒன்று சுற்றும். நாங்கள் 23 பேர். ஆசிரியர்கள், ஒரு கிராம அலுவலர், மல்லாவியிலிருந்து வரும் ஒரு அக்கா, ஓமந்தையிலிருந்து வரும் ஒரு தம்பி. தம்பி வருகிற வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கி வருவான். பதினாறு வாரமும் எங்களுக்கு இடைவேளைச் சிற்றுண்டி அதுதான்.

முதல் ஐந்து வாரமும் ஒரு ஓய்வுபெற்ற சேர் எடுத்தார். நல்ல மனிதர், ஒன்பது என்றால் ஒன்பதுக்கு நிற்பார். ஆனால் அவர் சொல்லச்சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ட்ரூமன் 1945 முதல் 1953 வரை, ஐசனோவர் 1953 முதல் 1961 வரை, கீழே சாதனைகள் ஆறு, குறைகள் நான்கு. பாஸ்பேப்பர் பத்து வருடத்துக்கும் விடை வைத்திருக்கிறார். பரீட்சை எழுதி முடித்தால் போதும் என்பவர்கள் இவருக்காகவே சேரலாம். எனக்குக் கைதான் உளைந்தது.

ரியூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலத்தில் இருந்ததை எந்த மெசினிலோ போட்டுத் தமிழாக்கி, ஒருவரும் வாசித்துப் பார்க்காமல் அச்சடித்திருக்கிறார்கள். மூன்றாவது ரியூட்டில் “நீர்வாயில் ஊழல்” என்று ஒரு தலைப்பு. பக்கத்திலிருந்த மல்லாவி அக்கா, “இதென்னடி, இரணைமடு வான்கதவு விசயமோ?” என்று கேட்டார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த பக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் வந்த பிறகுதான் அது அவரைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் விவகாரம் என்று விளங்கியது. கெடுபிடி யுத்தம் “குளிர் போர்” ஆகியிருந்தது. கறுப்பின மாணவர்கள் 1960 பெப்ரவரியில் கிறீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்த போராட்டம் “உள்ளே உட்காருதல்” என்று கிடந்தது. 1,850 ரூபா.

ஆறாவது வாரம் சேருக்குச் சுகமில்லாமல் போக, யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் ஒரு மிஸ் வந்தார். வயது முப்பதுக்குள். பையில் ரியூட் இல்லை, பழைய பத்திரிகைப் பக்கங்கள், நீதிமன்றத் தீர்ப்பின் துண்டுகள், படங்கள் எல்லாம் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். வந்ததும் ஒரு கேள்வி: “மொன்ற்கொமரியில 381 நாள் கறுப்பினச் சனம் பஸ்ஸில ஏறேல்ல. எப்பிடி வேலைக்குப் போயிருப்பினம்?”

இந்தக் கேள்வியைக் கொழும்பில் கேட்டால் என்ன பதில் வருமோ தெரியாது. எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். சைக்கிளில் டபிள். ட்ரக்ரர் பெட்டி. ஒருவர், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய விதத்தை, பெற்றோலை எத்தனை சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணுவது என்பது வரை சொன்னார். மிஸ் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அப்புறம் தன் பக்கத்தைச் சொன்னார்: நடை, முறை வைத்து ஆள் ஏற்றிய சொந்தக் கார்கள், பஸ் கட்டணமான 10 சதத்துக்கே ஏற்றிய கறுப்பின டக்சிக்காரர்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழும்ப மறுத்த றோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. அன்றிரவே ஜோ ஆன் றொபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஸ்ரென்சில் வெட்டி, பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று கல்லூரி மெசினிலேயே விடிய விடியப் பல்லாயிரம் துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறார். சேர் தந்த குறிப்பில் “களைத்துப்போன தையற்காரி எழும்ப மறுத்தார்” என்று ஒரு வரிதான் இருந்தது. றோசா பார்க்ஸ் அதற்கு முன்பே பல வருடம் அந்த ஊர்க் கறுப்பினச் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவர் என்று மிஸ் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள், முறைப்பாட்டைப் பதிகிறவள். எங்கள் இனம்!

அதன் பிறகு எனக்கு அமெரிக்க வரலாறு முழுக்க எழுதுவினைஞர்களாகவே தெரிந்தது. அதன் உச்சம் வாட்டர்கேட் ஞாயிறு.

1972 ஜூன் 17 இல் வாட்டர்கேட் கட்டடத்துக்குள் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில், நிக்சனின் தேர்தல் குழுவுக்காகக் களவாகப் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். எங்கள் நாடு குடியரசாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிக்சன் தன் அறையில் நடந்த பேச்சையெல்லாம் தானே ஒலிப்பதிவு செய்துவைத்திருந்தார் என்பது அடுத்த வருடம் ஜூலையில்தான் வெளியே வந்தது. 1972 ஜூன் 20 ஆம் திகதி நாடாவில் 18½ நிமிடம் வெறும் இரைச்சல். ஜனாதிபதியின் செயலாளர் றோஸ் மேரி வூட்ஸ், அதில் ஐந்து நிமிடமளவு தன் தவறாக இருக்கலாம் என்றார். நாடாவைக் கேட்டு ரைப் பண்ணிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்ததாம், எட்டி எடுத்தபோது பிழையான பொத்தானை அமத்திவிட்டாராம், கால் நாடா மெசின் பெடலிலேயே இருந்துவிட்டதாம்.

மிஸ் பின்சுவரைப் பார்த்தார். பெட்ஷீற்றை இழுத்தார். மல்லாவி அக்காவைத் தையல் மெசினுக்கு முன்னால் இருத்தி, அவருடைய கைத்தொலைபேசியைப் பின்னால் ஒரு கதிரையில், இடப்பக்கமாக எட்டத்தில் வைத்தார். “அக்கா, காலை எடுக்காம போனை எடுங்கோ.” அக்கா உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, இன்னும் நீட்டி, சேலை முந்தானை சில்லில் மாட்டி, கால் கழன்று, கதிரையும் சரிந்து. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. “ஐஞ்சு நிமிசம் இப்பிடி நிண்டு கதைக்கேலுமோ?” அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், “ஏலாது பிள்ளை. ஆனா பெரியவர் சொன்னா ஏலும் எண்டுதான் சொல்லோணும்.”

நிபுணர்கள் நாடாவை ஆராய்ந்து, குறைந்தது ஐந்து தடவையாவது தனித்தனியாக அழித்திருக்கிறார்கள் என்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. பேர் கெட்டது செயலாளருக்கு. ஒருநாள் இருப்பில் 14 மூடை சீனி குறைந்தபோது எங்கள் சங்கத்தில் யாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பெண்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சம் உண்டு.

பிறகு மிஸ் தன் போனில் 18½ நிமிடம் வைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். வாசிக்கும்போது அது ஒரு எண். வெளியே லொத்தர் வாகனம் கத்திக்கொண்டு போனது, திரும்பியும் வந்தது. யாரோ கச்சான் உடைத்தார். எனக்கு நடுவில் நித்திரை வந்து, போனது. இவ்வளவு நீளப் பேச்சை அழித்துவிட்டுத் தவறுதலாக என்றார்களா! 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று நாடாக்களைக் கொடுக்கச் சொன்னது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் நிக்சனே நியமித்தவர்கள். ஓகஸ்ட் 9 இல் பதவி விலகினார். கிராம அலுவலர் அண்ணை மெதுவாகச் சொன்னார், “எங்கட ஆக்கள் நாலு வருசம் கழிச்சு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தவை.” மிஸ் ஒன்றும் சொல்லவில்லை.

வியட்நாம் வாரம் வேறு மாதிரி. மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 இல் அமெரிக்கப் படையினர் கொன்ற சனம், வியட்நாம் கணக்கில் 504. வெளியே தெரிய ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஓமந்தைத் தம்பி கேட்டான், “எத்தனை பேருக்குத் தண்டனை?” மிஸ் சொன்னார், “ஒராள்.” அன்று கச்சான் அப்படியே இருந்தது.

அதே வாரம் வியட்நாம் போரில் செத்த அமெரிக்கப் படையினருக்கு வாஷிங்டனில் உள்ள நினைவுச் சுவரின் படத்தைக் காட்டினார். 1982 இல் திறந்தது. வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயதுப் பல்கலைக்கழக மாணவி, 1,400க்கு மேற்பட்ட போட்டியாளர்களில் தெரிவானவர். கல் பெங்களூரிலிருந்து போனதாம். 58,000க்கு மேல் பெயர்கள். நான் என்றால் அகரவரிசையில் போட்டிருப்பேன், தேட வசதி. அவர் இறந்த நாள் வரிசையில் போடச் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் ஒரே இடத்தில் செத்தவர்கள் அப்போது பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். தேடுகிறவர்களுக்கு அருகிலேயே பெயர்ப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் வியட்நாம்காரரின் பெயர் ஒன்றும் இல்லை என்பதையும் மிஸ் சொன்னார். சனம் அங்கே போய்க் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துவருமாம். எங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் தந்து, ஐந்து ரூபாக் குற்றியை வைத்துத் தேய்த்துக் காட்டினார். குற்றியில் உள்ளது மெல்ல மெல்லத் தாளில் எழும்பி வந்தது. பிறகு தாள்களை அவர் திருப்பிக் கேட்கவில்லை. பலர் வேறு எதையோ எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். என் தாள் கொப்பியின் கடைசியில் இருக்கிறது. அதிலுள்ள பெயர் இந்த விமர்சனத்துக்குத் தேவையில்லை.

இனிக் குறைகள். பாடத்தின் பெயரிலேயே பண்பாடு இருக்கிறது, ஆனால் அதற்குக் கிடைத்தவை இரண்டு சூம் வகுப்புகள்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவர் எடுத்தார். எல்விஸ், வூட்ஸ்ரொக், எம்.ரி.வி எல்லாம் ஒரு மணித்தியாலத்தில், பாட்டுத் துண்டுகளோடு. ஏன் அந்தப் பாட்டு, யார் காசு உழைத்தார்கள், யார் கோபப்பட்டார்கள் என்று ஒன்றும் இல்லை. 1973 ஓகஸ்டில் பிரொங்ஸில் ஒரு விருந்தில் ஹிப்ஹொப் தொடங்கியது என்றார், அந்த இடத்தில் லைன் கட். மீண்டும் வந்தபோது ரீகன் ஜனாதிபதி.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் பிரயோசனம்: 1965 இன் குடிவரவுச் சட்டம். அதற்கு முன் ஆசிய நாடுகள் பலவற்றுக்கு வருடத்துக்கு 100 பேர் என்ற அளவில்தான் இடம் வைத்திருந்தார்களாம், அந்தச் சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்தது. நியூஜேர்சியிலிருக்கும் என் சித்தப்பாவின் குடும்பம் எந்தக் கதவால் உள்ளே போனது என்று அன்றுதான் விளங்கியது.

கடைசி வாரம் படுமோசம். 2000 ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த 2021 ஜனவரி 6 வரை ஒரே காலையில், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல். புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஒரு ஜனாதிபதி வந்தார் என்பதற்கே ஒரு ஞாயிறு வேண்டும். எங்கள் வகுப்பில் வாக்கெண்ணும் கடமைக்குப் போன ஆசிரியர்கள் நாலு பேர் இருந்தார்கள், 2024 செப்ரெம்பரில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்பட்ட இரவைப் பார்த்தவர்கள். நாடு முழுக்கக் கூடுதலாக வாக்கு எடுத்தவர் 2000 இலும் 2016 இலும் எப்படித் தோற்றார் என்று அவர்கள் கேட்கக் கேட்க, மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லவில்லை. பதினாறில் ஐந்தை ஜனாதிபதிமார் பட்டியலுக்குக் கொடுத்தவர்கள் அலுவலகத்தார்.

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். மிஸ் எடுத்த ஒன்பதுக்கும் ஐந்து, ரியூட்டுக்கு சைபர். சேருவதென்றால், அடுத்த தொகுதியில் மிஸ் இருக்கிறாரா என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். சேர்ந்தால் சுற்றுகிற காற்றாடி வலப்பக்கம், மூன்றாம் வாங்கு. பற்றுச்சீட்டு வாங்காமல் படி இறங்க வேண்டாம். பெண்கள் கழிவறைத் திறப்பு அலுவலகத்துப் பெடியனிடம் இருக்கும், பத்து மணிக்குப் பிறகு அவனைத் தேடிப் பிடிக்க முடியாது, காலையிலேயே வாங்கி வையுங்கள்.